வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வக்கீல்

நவம்பர் 4, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து மழை. கடலூரில் எங்கே பெய்கிறதோ இல்லையோ, எங்கள் வாசலில் பெய்துவிடும். கணுக்கால் தண்ணீர். ஃப்ரிட்ஜைச் செங்கல் மேல் ஏற்றியாயிற்று. இந்த வாடகை வீட்டில் ஆறாவது மழைக்காலம், ஆறாவது ஏற்றம். ஹவுஸ் ஓனர் போனை எடுக்கவில்லை. மழைக்காலத்தில் அவர் எடுக்க மாட்டார்.

லேபில் கூட்டம். பாதிப்பேருக்குக் காய்ச்சல். ஒரு பாட்டி ஊசியைப் பார்த்ததும் என் கையைக் கடித்துவிட்டார். டெட்டால்.

சாயங்காலம் சேகர் மாமா போன். அம்மாவின் தம்பி. இருபது வருஷமாகச் சிதம்பரத்தில் சொந்த வீடு. அவர் தெருவிலேயே நாலு வீடு தள்ளி, ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் வீட்டை விற்கிறார். பெங்களூர் மகனோடு போகப்போகிறாராம். போன ஞாயிறு நாங்கள் போய்ப் பார்த்தோம். ரெண்டு ரூம், ஹால், பின்னால் முருங்கை மரம், தண்ணீர் ஏறாத தெரு. சிதம்பரத்தில் படிக்கும் மகள் ஹாஸ்டலை விட்டு வீட்டுக்கு வந்துவிடலாம். என் கணவர் ஓட்டும் பஸ்ஸே கடலூர்–சிதம்பரம் ரூட். எனக்கு அங்கே லேபா கிடைக்காது? மனதுக்குள் குடியேறி, ஷெல்ஃபில் டப்பா அடுக்கி முடித்துவிட்டேன்.

"பதினாலாம் தேதி வெள்ளிக்கெழம, நல்ல நாளு. வெத்தல பாக்கு மாத்தி அட்வான்ஸ் குடுத்துடலாம். நெய்வேலிப் பார்ட்டி ஒண்ணு சுத்திக்கினு இருக்கு. ஜாஸ்தி யோசிக்காத."

"பேப்பர் பாக்கணுமே மாமா."

"நம்ம வக்கீலு இருக்காரு. விக்கிறவங்களுக்கும் அவருதான், வாங்குறவங்களுக்கும் அவருதான். இன்னா கவல?"

கணவருடைய பி.எஃப்., மாமனார் பங்கு நிலம் விற்றது, என் நகை (தாலி நீங்கலாக). இவ்வளவுதான் எங்களிடம். இது போனால் இன்னொரு தடவை இந்த ஜன்மத்தில் கிடையாது.

நவம்பர் 6, வியாழன்

அரை நாள் லீவு. சிதம்பரம். நேற்று அன்னாபிஷேகம், ஊர் இன்னும் கலையவில்லை, பஸ்ஸில் நின்றுகொண்டே பயணம்.

மாமாவின் வக்கீல். மேஜைக் கண்ணாடிக்குக் கீழே நாலு வருஷத்துக் காலண்டர். வாத்தியார் கொடுத்திருந்த பத்திரக் கட்டைக் கையில் வாங்கினார், காய்கறிக்காரர் மாதிரி எடை பார்த்தார், திருப்பிக் கொடுத்தார்.

"க்ளியர்."

கட்டை அவிழ்க்கவே இல்லை. பட்டா எங்கே என்று கேட்டேன்.

"வீட்டு வரி அவரு பேர்ல. கரண்ட் பில்லு அவரு பேர்ல. அப்புறம் இன்னாம்மா?"

மாமாவும் தலையாட்டினார். "அந்தத் தெருவுல எல்லாம் அப்படித்தான் கலா."

விரலில் குத்தாமலே சுகர் இல்லை என்று நான் எழுதிக் கொடுத்தால் டாக்டர் என்னை வைத்திருப்பாரா? சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு வந்தேன், அபூர்வமாக.

திரும்பும்போது கணவர் ஓட்டும் பஸ். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து புலம்பினேன். புவனகிரி ஸ்டாப்பில் ஆள் இறக்கி ஏற்றினார். அப்புறம், "வேற வக்கீல வெச்சா உங்க மாமா மூஞ்சியில எப்பிடி முழிக்கிறது?"

விஷயம் இதுதான். எங்கள் குடும்பத்தில் சொந்தக்காரர் முடித்துக் கொடுக்கும் வீட்டுக்கு வேறு வக்கீல் வைப்பது, அவரைத் திருடன் என்று சொல்வது மாதிரி. அதுவும் மாமா. அப்பா போன பிறகு என் டிப்ளமோ ஃபீஸ் கட்டியவர். கல்யாணத்தில் தாய்மாமன் சீர் ஒன்று குறையாமல் செய்தவர்.

நவம்பர் 7, வெள்ளி

தூறல். மீன் விலை கேட்காமல் வந்துவிட்டேன்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு பெரிய வக்கீல், லேப் டாக்டர் சொல்லி அனுப்பினார். இரண்டு மணி நேரம் பெஞ்சில் காத்திருந்தேன். மனதுக்குள் அவரைத் திட்டாத திட்டில்லை. உள்ளே கூப்பிட்டதும், கட்டை அவிழ்த்து, கண்ணாடியைத் துடைத்து, ஒவ்வொரு தாளாகப் படித்தார். திட்டை எல்லாம் வாபஸ் வாங்கினேன்.

"கடலூரா இருந்தா நானே ஒரு முடிவு சொல்லிடுவேம்மா. சிதம்பரம் பழைய ஊரு, மனைக்கணக்கு வேற மாதிரி. எனக்கு அவ்வளவு தெரியாது. அங்கயே ஒருத்தவங்க இருக்காங்க, அவுங்ககிட்ட போங்க."

தெரியாது என்று வாய்விட்டுச் சொல்லும் பெரிய மனிதரை இப்போதுதான் பார்க்கிறேன். ஃபீஸ் வாங்கவில்லை. மருந்துச் சீட்டின் பின்னால் பெயர் எழுதிக் கொடுத்தார்: ஜமீலா, வக்கீல். சொந்த ஊர் பரங்கிப்பேட்டை, ஆபீஸ் சிதம்பரம்.

நவம்பர் 8, சனி

கணவரும் வந்தார். ஜெராக்ஸ் கடை மாடி. செங்குத்துப் படி, கைப்பிடி கிடையாது. ஜ. மேடத்துக்கு ஐம்பது வயதிருக்கும். மேஜையில் ஃப்ளாஸ்க் நிறையச் சுக்குத் தண்ணீர். எதற்கு என்று பிறகுதான் தெரிந்தது: பத்திரத்தை முதல் வரியிலிருந்து கடைசிக் கையெழுத்து வரை வாய்விட்டுப் படிக்கிறார்.

"குடியிருக்கப்போறவங்க ரெண்டு பேரும் காதால கேக்கணும். நா படிச்சு நா மட்டும் தெரிஞ்சுக்கிட்டா உங்களுக்கு இன்னா பிரயோஜனம்? புரியாத எடத்துல நிறுத்துங்க."

கணவர் முதல் பத்திரத்தில் இரண்டு கொட்டாவி. இரண்டாவதில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மூன்றாவதில் நிறுத்தி, "மேடம், வாத்தியாருக்கு வித்தவருக்கு யாரு வித்தாங்க?" என்றார்.

"அதத்தான் நானும் கேக்கறேன்." மேடம் முகத்தில் சந்தோஷம். "இதுக்கு முன்னால ஒரு பத்திரம் இருக்கணும். இந்தக் கட்டுல இல்ல. அத எடுத்துப் பாக்கற வரைக்கும் வெத்தல பாக்கு வேணாம். அட்வான்ஸும் வேணாம்."

மாமா சங்கதியைச் சொன்னேன். மேடம் ஃப்ளாஸ்க்கைத் திறந்தார். சுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

"எங்க வூட்லயும் மாமா உண்டும்மா. வக்கீலம்மா பிடிவாதம் பிடிக்கறாங்கன்னு எம்மேல போடுங்க. திட்டு எனக்கு விழட்டும்."

கீழே இறங்கியதும் கணவர், "இந்தம்மாதான்," என்றார். நானும் படியிலேயே முடிவு செய்திருந்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

மாமாவுக்குப் போன். மேடம் மேல் பழி போடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். வாய் வரவில்லை. வேறு வக்கீலை நான்தான் வைத்தேன், எனக்குப் பார்த்தால்தான் மனசு நிற்கும் என்று சொல்லிவிட்டேன்.

 மாமா, "இருவது வருஷமா அந்தத் தெருவுல குடியிருக்கேன். என் வார்த்தைய விட காயிதம் பெருசா பூடுச்சா? வாத்தியாருகிட்ட நான் இன்னா சொல்லுவேன்?" வைத்துவிட்டார்.

மத்தி ஆய்ந்துகொண்டே அழுதேன். மகள் ஹாஸ்டலிலிருந்து: வீட்டுக்கு என்ன கலர் பெயின்ட்? பதில் போடவில்லை.

மதியம் அத்தை போன். "மாமா சாப்புடல கலா."

நானும்தான்.

நவம்பர் 11, செவ்வாய்

வெயில். துணி எல்லாம் காய்ந்தது. இதைக்கூட எழுத வேண்டியிருக்கிறது.

ஜ. மேடம் போன். பழைய பத்திரத்தின் நகல் பதிவு ஆபீசில் கிடைத்துவிட்டது. வாய்விட்டுப் படிக்கணும், வியாழன் வாங்க, வாத்தியாரையும் வரச்சொல்லுங்க என்றார். நல்லதா கெட்டதா என்று கேட்டேன். "இன்னும் தெருவப் பாக்கல. பாத்துட்டு சொல்றேன்."

மாமா போன் எடுக்கவில்லை. (3 தடவை.)

நவம்பர் 12, புதன்

மேடம் ஸ்கூட்டரில் அந்தத் தெருவுக்கே போயிருக்கிறார். வீட்டுக்கு நாலு பக்கமும் யார் யார் என்று கதவு தட்டிக் கேட்டாராம். அத்தைதான் சொன்னாள், மாமாவுக்குக் கேட்காமல் மெதுவாக. எதிர்வீட்டுப் பெரியவர் ஒருவர், தன் அப்பா காலத்தில் தை மாசமானால் ஒருவர் நோட்டோடு வந்து மனை வாடகை வாங்கிப் போவார் என்றாராம். பிறகு வருவது நின்றுவிட்டதாம்.

சொந்த வீட்டுக்கு எதற்கு வாடகை?

லேபில் ஒரு டியூபில் பெயரை மாற்றி ஒட்ட இருந்தேன். நல்லவேளை, கண்ணில் பட்டது.

நவம்பர் 13, வியாழன்

வாத்தியார் வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். நாங்கள் இருவர். மாமா வரவில்லை.

மேடம் படித்தார். பழைய எழுத்து, நிறுத்தி நிறுத்தி. பாதியில் ஓர் இடத்தில் குரலை உயர்த்தாமல் அதே வரியை இரண்டாவது முறை படித்தார். விற்கப்படுவது சுவரும் கூரையும் கதவு நிலையும் மட்டும். மனை ஓர் அன்னதானக் கட்டளைக்கு, அதாவது அன்னதானத்துக்கென்று எழுதி வைத்த அறக்கட்டளைக்குச் சொந்தம். குடியிருப்பவர் வருஷா வருஷம் அதற்கு வாடகை கட்டி வர வேண்டும்.

"கட்டடம்தான் உங்களுது சார். கீழ இருக்கற மண்ணு கட்டளையோடது. சர்வே பதிவேட்டுலயும் அப்படித்தான் இருக்கு. அதனாலதான் உங்களுக்குப் பட்டா வரல. வீட்டு வரியும் கரண்டும் குடியிருக்கறவங்க பேர்ல போட்டுடுவாங்க. அத நம்பி ஊரே வாங்கியிருக்கு, வித்திருக்கு."

வாத்தியார் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "நான் வாங்கும்போதும் வரி ரசீதுதாம்மா காட்டினாங்க. யாரும் இப்படிப் படிச்சுக் காட்டல." அவர் பொய் சொல்லவில்லை. எனக்கு அவரைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

வீடு இல்லை என்று புரிய எனக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. முருங்கை மரம், ஷெல்ஃப், டப்பா. பிறகு நகை, பி.எஃப்., எல்லாம் அப்படியே எங்களிடமே இருக்கிறது என்பதும் புரிந்தது.  கணவர் எழுந்து மேடத்தைப் பார்த்துக் கை கூப்பினார். கோயிலில்கூடச் சட்டைப் பையைத் தடவிக்கொண்டே நிற்கும் மனிதர்.

நான், "மேடம், நீங்க இல்லேன்னா" என்று ஆரம்பித்து முடிக்கவில்லை.

"வேற வீடு வரும்மா. அப்பவும் வாங்க, படிப்போம்." ஃபீஸ் சொன்னதில் பாதிதான் வாங்கினார். வேலை பாதியிலேயே முடிந்துவிட்டதாம்.

மேடத்துக்கு, மஞ்சக்குப்பத்து வக்கீலுக்கு, நோட்டுக்காரரை ஞாபகம் வைத்திருந்த எதிர்வீட்டுப் பெரியவருக்கு, எல்லாருக்கும் நன்றி. சத்தமாகச் சொல்ல முடியாததால் இங்கே.

கிளம்பும்போது கேட்டேன், இந்த ஒரு வீடு மட்டும்தானா என்று. மேடம் தாள்களை அடுக்கிக்கொண்டே சொன்னார்: "அந்த வரிசை பூராவும்."

நாலு வீடு தள்ளி, அதே வரிசையில் மாமா வீடு.  நான் எப்படிச் சொல்வேன்? சொன்னால், ஜெயித்துவிட்டதாகக் குத்திக் காட்டுவது போல இருக்கும். சொல்லாவிட்டால்?

நவம்பர் 14, வெள்ளி

நல்ல நாள். வானம் வெளுத்திருக்கிறது. ஃப்ரிட்ஜ் இன்னும் செங்கல் மேல்.

விடிந்ததும் லேபுக்குப் பதில் சிதம்பரம் பஸ். மாமாவுக்கு எதிரில் உட்கார்ந்து சொல்லிவிடுவது என்று. முதலில் மேடத்தைக் கேட்டுக்கொள்ளலாம், குடியிருப்பவர்களுக்கு என்ன வழி என்று.

ஜெராக்ஸ் கடை வாசலில் மாமா நின்றிருந்தார். ஷேவ் செய்யவில்லை. கக்கத்தில் ஒரு துணிப்பை, உள்ளே அவர் வீட்டுப் பத்திரம்.

"வாத்தியாரு ராத்திரியே சொல்லிட்டாரு," என்றார். "அத்தகிட்ட சொல்லல. அர மணி நேரமா இங்கதான் நிக்கறேன். படி ஏற முடில."

கையைப் பிடித்து ஏற்றினேன். மேடம் எங்களைப் பார்த்ததும் எழுந்தார். இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"பயப்படாதீங்க. உங்க மருமவகிட்ட வூட்ட வாங்காதீங்கன்னுதான் சொன்னேன். குடியிருக்கறவங்களுக்கு வேற பேச்சு. கட்டளையில வாடகைதாரரா பேரப் பதிஞ்சுக்க வழி இருக்கு. இருக்கற எடத்துலயே இருக்கலாம். மொதல்ல காயிதம் இன்னா சொல்லுதுன்னு பாப்போம்."

மாமா பையைக் கொடுக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"நீ எம்பேச்சக் கேட்டிருந்தா, உன்ன நானே கொண்டாந்து இதுல தள்ளியிருப்பேன் கலா. உன் நகையெல்லாம் பூட்டிருக்கும். உன்ன வேற திட்டினேன்."

"உடுங்க மாமா."

"அவுங்க படிக்கறப்ப நீ போயிடாத. எனக்கு ஒண்டியா கேக்கத் தைரியமில்ல."

லேபுக்குப் போன் போட்டு இன்று முழு நாளும் வர முடியாது என்றேன். மாமா பையை மேஜை மேல் வைத்தார்.