நாளைக் காலை உழ வருகிறார்கள்

என் சிட்டுக்குட்டிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை. உனக்கு அந்தப் பாழாய்ப்போன காய்ச்சல் இப்போது விட்டிருக்கும்.

உன்னை அடக்கம் செய்த பிறகு வயல் பக்கம் நாங்கள் போகவே இல்லை. நீ விட்டபடியே சோளத் தட்டை தரை முழுக்கப் படுத்துக் கிடக்கிறது. நடுவில் நீ விதைத்த பயறு எழும்பியிருக்கிறது. அப்படி உழாமல் போட்டு வைப்பதே உன் விவசாயம் என்று பார்க்கிறவர்களுக்கு எங்கே தெரியும்? துக்க வீடு, கவனிக்க ஆளில்லை என்று நினைத்துவிட்டார்கள். பக்கத்து வயல் பெரியப்பா நேற்றுத் தானாகவே டிராக்டரோடு வந்து உழ ஆரம்பித்துவிட்டார். சத்தம் கேட்டு மாவுக் கையோடு ஓடினேன். அதற்குள் வரப்போரம் ஒரு பட்டை புரண்டுவிட்டது. குறுக்கே போய் நின்றேன். அவர் இறங்கி வந்து, ஏம்மா, நாங்கல்லாம் செத்தா போயிட்டோம், இதுகூடச் செய்ய மாட்டோமா என்று கண் கலங்கினார். அந்த நல்ல மனிதரை எப்படித் திட்டுவது?

காற்றில் இருக்கிற கரியைப் பயிர் இழுத்து வேர் வழியாக மண்ணுக்குள்ளே கொடுக்குதும்மா, கிளறாம விட்டா அங்கேயே தங்கும், உழுதா திரும்பக் காத்துக்கே போயிடும் என்பாய். காத்துல ஏதுடி கரி, உங்கம்மா கருக விடுற பாத்திரத்துலதான் இருக்கு என்று அப்பா கேலி செய்வார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதைப் பெரியப்பாவிடம் சொல்லப்போய் பாதியில் நாக்குக் குழறிவிட்டது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் எதையோ உளறுகிறாள் என்று பார்த்தார்.

அப்பாவோ அவரை நாளைக் காலை வரச் சொல்லிவிட்டார். நான் தடுத்ததற்காக அப்பாவுக்கு என் மேல் கோபம் இல்லை. அந்தத் தட்டையப் பாக்குறப்பல்லாம் அவ தண்ணி குடிக்கத்தான் வீட்டுக்குப் போயிருக்கா, வந்துடுவான்னு தோணுதுடி, புரட்டிப் போட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும் என்கிறார். சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்துவிடுகிறார். உழ விட்டால் நீ இத்தனை வருஷம் மண்ணுக்குள் சேர்த்தது போகும். தடுத்தால் இந்த மனுஷன் என்ன ஆவாரோ தெரியவில்லை. யோசித்து யோசித்து மண்டை காய்ந்துவிட்டது.

எங்கே இருந்தாலும் நீ நிம்மதியாக இரு, என் தங்கமே. எங்களை நினைத்து அலையாதே. விடிந்ததும் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குக் கிளம்பிவிடுவார். நீயாக இருந்தால் என்ன சொல்லி அவரை நிறுத்துவாய்?