வெற்றுப் பக்கங்களைத் தவிர்க்கவும்

மார்ச் 3, திங்கள்

ஆர்டர் கிடைத்துவிட்டது! ஒரு பிராணிகள் மருத்துவமனை. வாங்குவது தாள்களைப் படமெடுக்கும் ஸ்கேனர் ஒன்றே ஒன்றுதான், ஆனால் அந்த டாக்டருக்கும் கூட்டாளிகளுக்கும் ஊருக்குள் இன்னும் மூன்று கிளைகள் இருக்கின்றன. இது ஒழுங்காக ஓடினால் அவையும் நமக்குத்தான் என்று எங்கள் மேலாளர் குதிக்கிறார். அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் சட்டுபுட்டு. எதைச் சொன்னாலும் "சட்டுபுட்டுன்னு முடிங்க" என்பார். இந்த மாதக் கடைசியோடு என் தகுதிகாண் காலம் முடிகிறது. நாற்பத்தேழு வயதில் தகுதிகாண்! என்னத்தைச் சொல்ல.

டெமோவுக்கு டாக்டர் கோட்டெல்லாம் நாய் மயிரோடு வந்து நின்றார். ஒரு பில்லையும் நாலு ஆய்வகத் தாளையும் வைத்து பட்டனை அழுத்தினேன். அடுத்த நிமிடமே எல்லாம் கிளவுட் ஃபோல்டரில் ஏறி, அவருடைய போனில் வந்து உட்கார்ந்தன. "நடுநடுவுல வெள்ளையா ஒரு பக்கம் வருதே, அது எதுக்கும்மா?" என்றார். தாளின் பின்பக்கத்தையும் சேர்த்து எடுக்கிறது, அதுதான். 'வெற்றுப் பக்கங்களைத் தவிர்க்கவும்' என்ற இடத்தில் ஒரு டிக் போட்டேன். வெள்ளை எல்லாம் மாயம். "அட!" என்றார். இந்த ஒரு 'அட'வுக்காகத்தான் இந்தத் தொழிலில் இருக்கிறேன் போல.

மார்ச் 5, புதன்

மெஷினை வைத்துவிட்டு வந்தேன். வரவேற்பு மேசையில் இருக்கும் அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். பதினாறு வருடமாக அங்கே இருக்கிறார். ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார்.

அலமாரி முழுக்கப் பழைய கார்டுகள். பிராணிக்கு ஒன்று, மொத்தம் ஆயிரத்து எண்ணூறு. இரண்டு வாரத்தில் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட வேண்டுமாம். முடிந்த பெட்டிகளை வெள்ளிக்கிழமைகளில் காகிதம் அரைப்பவர்களின் வண்டி வந்து எடுத்துப் போகும். அலமாரி போன இடத்தில் பூனைகளுக்கென்று தனிக் காத்திருப்பு அறை வரப்போகிறது. "நாயைப் பாத்தாலே பூனைங்களுக்குப் பாதி வியாதி கூடிடுது மேடம்" என்றார் அக்கா.

மார்ச் 8, சனி

வீட்டில் ஒரு வாரமாக ஸ்கேனர் பேச்சுதானாம். "நீ கட்டிக்கிட்டது என்னையா, அந்த மெஷினையா?" என்று கேட்டார் இவர். அதுவாவது பட்டனை அழுத்தினால் சொன்னதைச் செய்கிறது என்றேன். மகளுக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது.

மார்ச் 12, புதன்

சட்டுபுட்டு இன்று என்னைப் பார்த்து இரண்டு தடவை சிரித்தார். மழை கொட்டப்போகிறது.

மார்ச் 18, செவ்வாய்

காலையில் அக்காவின் போன். "மேடம், நான்தான் என்னமோ தப்பு பண்ணிட்டேன் போல." அழுகிற குரல்.

ஒரு நாய் டாக்டரின் உதவியாளரைக் கடித்துவிட்டது. கையில் நாலு தையல். கடிக்கிற நாய் என்பது அதன் கார்டின் பின்பக்கத்தில் எழுதியிருந்ததாம். டாக்டர் எப்போதும் அங்கே இப்படி எதையாவது பென்சிலால் எழுதி வைப்பாராம். பிராணியின் குணம் மாறினால் அழித்து எழுதலாம் என்று அந்தப் பக்கத்தில் பேனாவையே வைக்க மாட்டாராம். இப்போது ஃபோல்டரில் தேடினால் முன்பக்கம் மட்டும்தான் இருக்கிறது. "டாக்டர் எல்லார் முன்னாடியும் சத்தம் போட்டுட்டார். பதினாறு வருஷத்துல இதான் முதல் தடவை. நான் சரியாத்தானே மேடம் வெச்சேன்?"

சரியாகத்தான் வைத்திருக்கிறார். மங்கலான பென்சில் எழுத்தை மெஷின் எழுத்தாகவே எண்ணவில்லை. வெற்றுப் பக்கம் என்று தூக்கிப் போட்டிருக்கிறது. தூக்கிப் போடச் சொன்னவள் நான். ஒரே ஒரு கார்டையாவது வைத்துப் பார்த்தேனா? பில்லையும் ஆய்வகத் தாளையும் வைத்துப் படம் காட்டிவிட்டு வந்தேன்!

அதை அக்காவிடம் சொன்னேனா? "பாத்துட்டுச் சொல்றேங்க்கா" என்று போனை வைத்துவிட்டேன். சீ.

சட்டுபுட்டுவிடம் சொன்னேன். "பென்சிலுக்கு நாம பொறுப்பில்லைன்னு கையேட்டுலயே போட்டிருக்கு. இங்க இருந்தே அந்த டிக்கை எடுத்துடலாம், இனிமே வர்றது ஒழுங்கா வரும். அந்தம்மா தன் மேலதானே பழியைப் போட்டுக்கறாங்க? நீங்க வாயைத் திறக்காதீங்க. மாசக் கடைசி ஞாபகம் இருக்கட்டும்."

வெள்ளிக்கிழமை வண்டி வந்து மீதிக் கார்டுகளையும் அள்ளிக்கொண்டு போய்விடும். அப்புறம் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியுமே!

மார்ச் 19, புதன்

காலையில் இவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். இவருக்கு லிஃப்ட் மெக்கானிக் வேலை, ஏழரைக்குள் கிளம்பியாக வேண்டும். ஷூவை மாட்டிக்கொண்டே கேட்டார். "சீக்கிரம் கிளம்பு, போற வழியில உன்னை விட்டுட்டுப் போறேன்" என்றார். எங்கே போக வேண்டும் என்று நான் இன்னும் சொல்லவே இல்லை.

அக்காவுக்குக் கண் வீங்கியிருந்தது. டாக்டர் கையில் ஒரு முயலோடு நின்றார். இரண்டு பேரையும் வைத்துக்கொண்டே சொன்னேன். "அக்கா மேல தப்பே இல்ல டாக்டர். வெள்ளைப் பக்கம் எதுக்குன்னு நீங்க கேட்டீங்க. கார்டை ஒரு தடவைகூடப் பாக்காம டிக் போட்டது நான்."

டாக்டர் முயலைக் கூண்டில் விட்டார். கை கழுவினார். துடைத்தார்.

"எத்தனை கார்டு போச்சு?"

போன வெள்ளியே முந்நூற்றுப் பத்து அரைபட்டுவிட்டன. மீதி அங்கேதான் இருந்தது. நாளை மறுநாள் வரவேண்டிய வண்டியை அக்கா உடனே போன் போட்டு நிறுத்தினார்.

டாக்டர் அவரிடம்தான் முதலில் பேசினார். "நேத்து கத்தினதுக்கு மன்னிச்சிடும்மா." பிறகு என்னைப் பார்த்தார். "நாளைக்கு எத்தனை மணிக்கு வர்றீங்க?"

வெளியே வந்து நடைபாதையில் நின்று அழுதேன். நல்ல அழுகைதான். போனில் சட்டுபுட்டுவின் செய்தி: நாம் தனியாகப் பேச வேண்டும்.

மார்ச் 20, வியாழன்

லீவு போட்டுவிட்டுப் போனேன். அக்கா கட்டுகளைப் பிரித்துத் தர, நான் மெஷினில் வைத்தேன். ஒவ்வொரு பின்பக்கமும் தெளிவாக விழுகிறதா என்று திரையில் படித்துப் பார்த்தோம். படிக்கப் படிக்கச் சிரித்து வயிறு புண்ணாகிவிட்டது. 'நாய் சாது. கூட வருபவர்தான் குரைப்பார்.' 'ஊசி என்று சொன்னால் புரிந்துகொள்ளும். வேறு ஏதாவது சொல்லவும்.' 'கிளி. கெட்ட வார்த்தை பேசும். குழந்தைகள் இருந்தால் துணி போட்டு மூடவும்.'

பிறகு ஒன்று. 'பூனை இவர் மனைவியுடையது. அந்த அம்மா இறந்துவிட்டார். அவரைப் பற்றி விசாரிக்க வேண்டாம். பூனைக்கு ஒன்றுமில்லை என்றாலும் இவரைச் சிறிது நேரம் உட்கார விடவும்.'

அக்கா அந்தக் கார்டைத் தனியாக எடுத்து வைத்தார். இதைத்தான் வெற்றுப் பக்கம் என்று தள்ளியிருக்கிறோம், என் மெஷினும் நானும்.

மார்ச் 21, வெள்ளி

அரைபட்டுப் போன கார்டுகளின் முறை இன்று. டாக்டர் சாப்பாட்டு நேரத்தை எங்களுக்குக் கொடுத்தார். அக்கா பட்டியலை வாசித்தார், டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு ஞாபகத்திலிருந்து சொன்னார், நான் தட்டச்சு செய்தேன். "அந்தச் செவலையா? வாலைத் தொடக் கூடாது. மத்தபடி தங்கம்."

நாற்பத்தெட்டு பிராணிகளைப் பற்றி மட்டும் அவருக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. "அதுங்க வரும்போது திரும்பப் பழகிக்க வேண்டியதுதான்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. அந்த நாற்பத்தெட்டும் என்னால் போனவை.

மார்ச் 31, திங்கள்

தகுதிகாண் இன்னும் மூன்று மாதம் நீட்டிப்பு. "வேலையை விட்டுத் தூக்கலைன்னு சந்தோஷப்படுங்க" என்றார் சட்டுபுட்டு. படுகிறேன். நிஜமாகவே.

"ஃபெயிலாம்மா?" என்று கேட்டாள் மகள்.

"மறுதேர்வு" என்றேன்.

ஏப்ரல் 24, வியாழன்

மூன்று கிளைகளுக்கும் ஆர்டர் வந்துவிட்டது. மெஷினை நான்தான் வந்து வைக்க வேண்டும் என்று டாக்டர் கடிதத்தில் எழுதியிருந்தார். சட்டுபுட்டு அந்த வரியை இரண்டு தடவை சத்தமாகப் படித்தார். இன்று முதல் கிளைக்குத் தானும் வருவேன் என்று கூடவே கிளம்பினார்.

அங்கே வரவேற்பு வேலையை ஒரு தம்பதி முறை வைத்து மாற்றி மாற்றிச் செய்கிறார்கள். பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே நாற்காலி போட்டு, மேசையில் ஒரு கட்டு கார்டு எடுத்து வைத்திருந்தார்கள். "நீங்க வந்ததும் முதல்ல இதைத்தான் கேப்பீங்கன்னு அந்தக் கிளினிக் அக்கா சொன்னாங்க. ஆனா இங்க டாக்டர் பேனாவாலதான் எழுதுவார் மேடம். பென்சிலே கிடையாது" என்றார் அந்த அம்மா.

இருக்கட்டும் என்று உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பினேன். பேனா. அடுத்ததும் பேனா. நின்றுகொண்டிருந்த சட்டுபுட்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் நிமிரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பாதிக் கட்டைத் தன் பக்கம் எடுத்து வைத்துத் திருப்ப ஆரம்பித்தார்.