செவ்வாய்க்கிழமைக்கென்று வைத்திருந்த வலி

ராத்தா, முதலில் பிள்ளைகள் சேதி. நம் வழக்கம் அதுதானே. மூத்த பேரன் பாலிடெக்னிக் முடித்துத் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். அவன் தங்கை பத்தாம் வகுப்புக் கணக்கில் நூற்றுக்கு நூறு. சின்ன மகள் வீட்டுக் கடைக்குட்டி கபடியில் மாவட்டம் வரைக்கும் போய்க் கோப்பை தூக்கி வந்திருக்கிறாள். அஞ்சாங் கிளாஸோடு படிப்பை நிறுத்திய என் வீட்டில் இத்தனை. நீ இருந்திருந்தால் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, "ஏளா, கோப்பை வெள்ளியா, தகரமா?" என்று கேட்டிருப்பாய்.

சொல்ல வந்தது வேறு. அதைச் சொல்லாமல் சுற்றிச் சுற்றி வருகிறேன். காலையிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்பை அணைத்தேனா என்று போய்ப் பார்க்கிறேன், அணைத்துத்தான் இருக்கிறது.

போன வாரம் சேலை மடிக்கும்போது முந்தானை நுனியில் ஒரு முடிச்சு தட்டுப்பட்டது. நான் போட்ட முடிச்சுதான். ஆற்றுப் படி ஏறும்போது நெஞ்சில் அம்மியைத் தூக்கி வைத்ததுபோல ஒரு கனம், நின்றால் போய்விடும். அதைப் பெரிய டாக்டரிடம் சொல்ல மறந்துவிடக் கூடாது என்று முடிந்து வைத்திருக்கிறேன். நீ செய்வதுபோலவே.

பாளையங்கோட்டைப் பெரியாஸ்பத்திரியில் சர்க்கரைக்காரர்கள் வரிசை உனக்கு ஞாபகம் இருக்கும். மேலப்பாளையத்திலிருந்து நீ, சீவலப்பேரியிலிருந்து நான். உங்கள் தெருவில் அக்காவைக் கூப்பிடுவதுபோலவே நானும் உன்னை ராத்தா என்பேன். மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. பீடி சுற்றிச் சுற்றி உன் விரலில் பீடித்தூள் வாசம் எப்போதும் இருக்கும். வெள்ளைத் துப்பட்டியின் ஓரத்தில் முடிச்சு முடிச்சாக இருக்கும். ஒன்று முழங்கால், ஒன்று இருமல், ஒன்று கண்ணில் பூச்சி பறப்பது. உள்ளே போனதும் ஒவ்வொன்றாய் அவிழ்த்து ஒவ்வொன்றாய்ச் சொல்வாய். முடிச்சு தீர்ந்தால்தான் எழுந்திருப்பாய். பின்னால் நிற்பவர்கள் உன்னைத் திட்டுவார்கள். நீ திரும்பித் திட்டுவாய்.

அந்த டாக்டர் தம்பி ஒருநாள் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏம்மா, இதே மாத்திரைய ஒங்க தெருமுனை ஆஸ்பத்திரியிலயே குடுக்காங்க. மாசாமாசம் அங்கன பாருங்க. அவங்களால முடியலன்னா எழுதிக் குடுத்து இங்க அனுப்புவாங்க. அப்ப வாங்க."

நீ சொன்னாய்: "சின்ன ஆஸ்பத்திரியில மாத்திரையும் சின்னதாத்தான் இருக்கும் டாக்டரே."

"அளவு ஒண்ணுதாம்மா."

"அப்படின்னாலும், அங்கன போனா இவளை நான் எங்கன வச்சுப் பாப்பேன்?"

அவர் என்னைப் பார்த்தார். எனக்கு வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது. பிறகு இரண்டு பேரும் மர நிழலில் உட்கார்ந்து, என் தூக்குச்சட்டி எலுமிச்சைச் சோற்றையும் உன் இறைச்சி வறுவலையும் பங்கு போட்டோம். உண்மையைச் சொன்னால், நாம் மாத்திரைக்காகவா அங்கே போனோம்?

அது குற்றமென்று நான் சொல்லவில்லை. வாயும் வயிறும் ஒத்துப்போகிற ஒருத்தி இந்த வயதில் கிடைப்பது லேசில்லை. மாத்திரைக்கு அலைந்ததில் கால்தான் வலித்தது, வேறொன்றும் கெட்டுப்போகவில்லை. கெட்டது எங்கே என்றால், வலியையும் அந்தச் செவ்வாய்க்கிழமைக்கென்று எடுத்து வைக்கப் பழகிக்கொண்டோமே, அங்கே.

உன் வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தபோது உன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "இடது கை கடுகடுக்குன்னாவ. நெஞ்சு எரியுதுன்னாவ. தெருமுனையில காட்டுவோம் வாங்கம்மான்னு கூப்பிட்டேன். செவ்வாக்கிழம பெரிய டாக்டர்ட்ட சொல்லிக்கிடுதேன், நீ பைய இருன்னுட்டாவ." துப்பட்டி ஓரத்தில் நீ அதையும் முடிந்துதான் வைத்திருந்தாயாம். செவ்வாய்க்கிழமை வந்தது. நீ வரவில்லை. உன் வீட்டிலிருந்து அந்தத் தெருமுனை கூப்பிடு தூரம், ராத்தா. அங்கேயே நெஞ்சுக்குப் படம் எடுத்துப் பார்த்து, ஆம்புலன்ஸை வரவழைத்து உன்னை ஏற்றியிருப்பார்கள். வரிசை கிடையாது, முடிச்சு கிடையாது. உன்மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

அந்தக் கோபத்தில்தான் போன வாரம் என் முடிச்சை அவிழ்த்தேன். அன்றைக்கே எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நடந்தேன். டாக்டர் சின்னப் பெண். என் மூத்த பேரனைவிட ஐந்தாறு வயது கூட இருந்தால் அதிகம். நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் பார்த்தாள்.

"ஆச்சி, எத்தன நாளா இப்படி இருக்கு?"

"கொஞ்ச நாளா."

"ஏன் அன்னைக்கே வரல?"

"பெரிய எடத்துல சொல்லிக்கிடலாம்னு இருந்தேன்மா."

"பெரிய எடத்துக்கு நான் அனுப்புதேன். இங்க வந்தாத்தானே அனுப்ப முடியும்?" என்றாள். போனில் பேசினாள், சீட்டு எழுதினாள், நாக்குக்கடியில் வைக்க மாத்திரையும் தந்தாள். மருமகள் கூட வந்தாள். பெரியாஸ்பத்திரியில் அந்தச் சீட்டைக் காட்டியதும் நேரே இருதயப் பகுதிக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். நம் வரிசையைத் தாண்டித்தான் போனேன்.

நாம் உட்காரும் பெஞ்சில் ஒருத்தி இருந்தாள். பத்தமடைப் பக்கமாம். காலில் உணர்ச்சியே இல்லையாம், ஒரு மாதமாக. "இங்கன டாக்டர்ட்ட சொல்லலாம்னு வச்சிருக்கேன்க்கா" என்றாள்.

"ஏளா, வலி என்ன ஊறுகாயா, வச்சு வச்சுத் திங்க?" என்று சத்தம் போட்டுவிட்டேன். மருமகள் என்னை இழுத்துக்கொண்டு போனாள். அவள் சிரித்தாளா முறைத்தாளா தெரியவில்லை. உன் கதையைச் சொல்ல நேரமில்லை. அடுத்து யாரிடமாவது சொல்வேன். சொல்லாமல் என்னால் இருக்க முடியாது.

நாளைக் காலையில் எனக்குச் சோதனை. மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு நெஞ்சு வரைக்கும் பார்ப்பார்களாம். அடைப்பு இருந்தால் அங்கேயே எடுப்பார்களாம். நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றுதான் சொன்னார்கள். ஆனாலும் பயமாகத்தான் இருக்கிறது. பக்கத்தில் நீ இருந்தால் டாக்டர் வயதையும் அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்பதையும் கேட்டு அந்த அறையையே சந்தையாக்கியிருப்பாய்.

உன் பேத்திக்கு நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறதாம், ராத்தா. வெள்ளை உடுப்பில் அவளை நான் இன்னும் பார்க்கவில்லை. புதுப் படம் ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பச் சொல்லி உன் மகளிடம் சொல்லப் போகிறேன். போனில் வேண்டாம், கையில் பிடித்துப் பார்க்க வேண்டும். உடனேயும் வேண்டாம். அடுத்த வாரம் அனுப்பட்டும். நான் வீட்டுக்குத் திரும்பி வந்து, வாசலில் நின்று, தபால்காரர் கையிலிருந்து நானே வாங்க வேண்டும்.