ரயிலில் வந்தவளை ஏர்போர்ட்டுக்கு அனுப்பினேன்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அந்தப் பனிக்காட்டில் நீயும் விரல் மரத்துப்போகாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் தினமும் நினைத்துக்கொள்கிறேன். வாரம் தவறாமல் போனில் பேசுகிறவள் இதென்ன புதிதாகக் கடிதம் என்று பதறிவிடாதே, யாருக்கும் ஒன்றுமில்லை. போனில் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை வாயெடுத்தேன், மூன்று தடவையும் கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் பேனாவை எடுத்தேன். எழுதும்போது நீ என் முகத்தைப் பார்க்க முடியாது, அந்தத் தைரியம்தான்.

வீட்டுச் சேதி முதலில். அப்பாவுக்கு இடது முழங்கால் மறுபடி தொந்தரவு. முப்பது வருஷம் அடுத்தவர்கள் கட்டிடத்தில் லிப்ட் ரிப்பேர் பார்த்த மனுஷன், சொந்த வீட்டுக்கு மூன்று மாடி படியேற வேண்டியிருக்கிறது, இரண்டாவது மாடியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு தன்னைத்தானே திட்டிக்கொள்கிறார், அது எனக்குக் கேட்கிறது. கண்ணாடிக் கடையில் புது மிஷின் வந்திருக்கிறது, முதலாளி அதைத் தொடவிடுவதில்லை, நான் பழையபடி ஃப்ரேமுக்குள் லென்ஸை மாட்டி, வருகிறவர்களின் காதுக்குத் தகுந்தபடி வளைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். குழாய் போடுகிறோம் என்று தெருவில் வெட்டிய பள்ளத்தை இன்னும் மூடவில்லை. தங்கை கல்யாணத்துக்கு நீ வந்தபோது வெட்டியதுதான், ஐந்து மாசம் ஆகிறது. ஆமாம், அந்தக் கல்யாணத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன், எதையெதையோ சொல்லித் தள்ளிப்போடுகிறேன் பார்.

நடந்தது உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் என் வாயால் ஒரு முறை முழுதாகச் சொல்லிவிடுகிறேன், இத்தனை நாளும் நான் அதை எனக்கே வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் சம்பந்தி வீட்டம்மா என்னிடம், பெரியவளுக்கு ஃபிளைட் எத்தனை மணிக்கு என்று கேட்டார்கள். நீ விமானத்தில் ஏறுவதை விட்டு நாலு வருஷம் ஆகிறது, மூன்று பகல் மூன்று ராத்திரி ரயில் மாறி ரயில் மாறித்தான் வருகிறாய் என்று சொல்ல வேண்டியதுதானே. அவர்கள் வீட்டில் வாசலில் இரண்டு கார் நிற்கிறது. கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்து என் முகத்தையே பார்க்கிறார்கள். கை நிறையச் சம்பாதிக்கிற பெண் ஏன் ரயிலில் அல்லாடுகிறாள் என்று கேட்டால் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பன்னிரண்டரைக்கு என்று வாயில் வந்துவிட்டது. அதோடு விட்டார்களா, அப்படியானால் நம்ம சின்னப் பையன் கார் எடுத்துக்கிட்டு ஏர்போர்ட் போயிடுவான் என்றார்கள். வேண்டாம் என்று நான் நாலு தடவை சொன்னேன். அவர்கள் அதை மரியாதைக்குச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பத்து நாளும் உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நீ மறுப்பாய் என்று பயம். கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை ஆறு மணிக்கு, உன் ரயில் ஸ்டேஷனுக்கு வர ஒரு மணி நேரம் இருக்கும்போது போன் செய்தேன். வீட்டுக்கு வராதே, ஸ்டேஷனிலிருந்து பஸ் பிடித்து ஏர்போர்ட்டுக்குப் போ, பன்னிரண்டரைக்கு வெளியே வருகிறவர்களோடு நில், கார் வந்து ஏற்றிக்கொள்ளும் என்றேன். நீ அம்மா, அம்மா என்று இரண்டு தடவை கூப்பிட்டாய், நான் பேசவிடவில்லை. தெரிந்தவர்கள் கண்ணில் பட்டுவிடப் போகிறாய், தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டாவது வெளியே போ என்று வேறு சொன்னேன். மூன்று நாள் பயணம் செய்து வந்த பெண்ணிடம் தூங்கினாயா என்று கேட்கவில்லை. நீ சரிம்மா என்றாய். அவ்வளவுதான். அந்தச் சரிம்மா இப்போது என் காதிலேயே நிற்கிறது.

காலை ஏழு மணிக்கு வர வேண்டியவள் மத்தியானம் மூன்று மணிக்கு வந்து இறங்கினாய். வந்ததும் வராததுமாக உன்னைத் தனியே இழுத்துக்கொண்டுபோய், ரயில் வாசனை அடிக்குது, முதல்ல குளி என்றேன். சாயங்காலம் சம்பந்தி வீட்டார் எல்லோரும் நம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, யாரும் கேட்காமலே, பத்து பேருக்குக் கேட்கும்படி, ஃபிளைட்ல சாப்பாடு ஏதாவது குடுத்தாங்களாடி என்று உன்னைக் கேட்டேன். நீ தட்டைப் பார்த்துக்கொண்டே, சுமாரா இருந்ததும்மா என்றாய். எதிரே மாப்பிள்ளையின் அப்பாவுக்குத் தண்ணீர் புரையேறிவிட்டது. பாவம், அவசரமாகக் குடித்துவிட்டார் என்று நினைத்து நான்தான் ஓடிப்போய்த் துண்டு கொடுத்தேன்.

போன மாசம் முன்னறைக்கு வண்ணம் பூசலாம் என்று சம்பந்தியுடைய பெயிண்ட் கடைக்குப் போயிருந்தேன். வண்ணங்கள் அச்சடித்த அட்டையை மேஜையில் விரித்து இதுவா அதுவா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். விடுமுறைக்குப் பெரியவ வர்றாளா என்று கேட்டார். வருகிறாள், ஃபிளைட் டிக்கெட்தான் இன்னும் போடவில்லை என்றேன், பழகிய பொய், மூச்சு விடுவது மாதிரி வருகிறது. அவர் அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல் மெதுவாக, இந்தத் தடவையாவது ஏர்போர்ட்டுக்கு அலையாம நேரா வீட்டுக்கு வரட்டும் சம்பந்தியம்மா என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், எந்த வண்ணத்தின் மேல் விரல் வைத்திருந்தேனோ அதிலேயே விரல் நின்றது.

காதில் ஆபரேஷன் செய்ததிலிருந்து டாக்டர் அவரை விமானத்தில் ஏறக்கூடாது என்று சொல்லியிருக்கிறாராம், எங்கே போனாலும் ரயில்தானாம். கல்யாணத்துக்கு முன்னால் சரக்கு விஷயமாக வெளியூர் போய்விட்டு, நீ வந்த அதே ரயிலில், அதே பெட்டியில், உனக்கு எதிர் பெர்த்தில்தான் வந்திருக்கிறார். உங்கள் இரண்டு பேருக்கும் அதற்கு முன் முகம் தெரியாது. நீ உன் கீழ் பெர்த்தை அவருக்குக் கொடுத்துவிட்டு மேலே ஏறிக்கொள்கிறேன் என்றாயாம். தங்கைக்குக் கல்யாணம், அப்பா லிப்ட் மெக்கானிக், அம்மா கண்ணாடிக் கடையில் வேலை என்று நீ சொல்லிக்கொண்டே போக, அவர் நீ யாரென்று தெரிந்துகொண்டும் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு ரசித்தாராம். பிறகு நான்தான் மாப்பிள்ளையோட அப்பா என்று சொல்ல, நீ சிரித்த சிரிப்பில் பக்கத்துப் பெர்த்துக் குழந்தை எழுந்துவிட்டதாம். காலையில் நம்ம வண்டியிலேயே உன்னை வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போகிறேன் என்று சொல்லியிருந்தாராம். அந்த நேரத்தில்தான் நான் போன் செய்திருக்கிறேன்.

நீங்க சத்தமா பேசினீங்க, எனக்கே கேட்டுச்சு, அதுவும் ஒரு காதுதான் சரியா கேக்கும் என்றார். கேலியாகச் சொல்லவில்லை, என்னைச் சிரிக்கவைக்கச் சொன்னார். எனக்கு அழுகைதான் வந்தது. போனை வைத்துவிட்டு நீ அவரிடம், அம்மா பாவம் மாமா, நாலு பேர் என்ன சொல்லுவாங்களோன்னு அவங்களுக்கு ஒரு பயம், ஒரு நாள்தானே, போயிட்டு வந்துடறேன் என்றாயாம். அவரும், நீ போம்மா, உன்னை நான் பாக்கவே இல்ல என்று சொல்லி, உன்னை ஏர்போர்ட் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போய், தன் காரே தன் வாசலிலிருந்து ஏர்போர்ட்டுக்குக் கிளம்புவதைப் பார்த்துக்கொண்டு காபி குடித்திருக்கிறார். யாரிடம் என் பெருமையைக் காட்டிக்கொள்ள உன்னை அலையவிட்டேனோ, அவரும் நீயும் சேர்ந்து என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறீர்கள்.

இதைவிடப் பெரிய வெட்கம் இன்னொன்று. நீ ஏன் விமானத்தில் ஏறுவதில்லை என்று அவர்தான் எனக்கு விளக்கிச் சொன்னார். பனி எவ்வளவு உருகுகிறது என்று அளக்க, பனிமேட்டில் ஆழமாகத் துளை போட்டு நீ ஒரு கம்பத்தை இறக்குகிறாய், அடுத்த வருஷம் போய்ப் பார்த்தால் உருகிய அளவுக்குக் கம்பம் வெளியே நிற்கும். முதல் வருஷம் உன் முழங்கால் உயரம் நின்றது, இப்போது உன் தலைக்கு மேலே நிற்கிறது. வண்டியும் விமானமும் விடுகிற புகைக்கும் அதில் பங்கு உண்டு, அதைக் கையால் அளந்துவிட்டு விமானப் படியில் கால் வைக்க மனசு வரவில்லை, மற்றவர்களை நான் குறை சொல்வதில்லை, என்னால் முடிந்ததை நான் செய்கிறேன் என்றாயாம். ஒரு ராத்திரி கூட வந்த மனுஷருக்கு இது தெரிகிறது. பெற்றவளுக்குத் தெரியவில்லை. நாலு வருஷம் முன்னால் இதையெல்லாம் நீ எனக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினாய். நான் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு, இவளுக்கு என்ன வந்தது என்று மடித்து வைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அதைத் தேடினேன், அலமாரி, பெட்டி, மெத்தைக்கு அடியில், எங்கும் இல்லை. பழைய பேப்பரோடு போட்டுவிட்டேன் போலிருக்கிறது. நீயோ ஒவ்வொரு பயணத்திலும் பார்த்துப் பார்த்துப் புகையை மிச்சம் பிடிக்கிறவள். உன்னையே வேண்டாத பஸ்ஸிலும் காரிலும் ஏற்றி, போக வரப் புகை விடவைத்தேன்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். நீ போன் பண்ணும்போது நான் பக்கத்துலதானே இருந்தேன், தடுக்கலையே, எனக்கும் அதே புத்திதான் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை சின்னவள் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள், மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் இருந்தார்கள். தெருமுனையிலிருந்து பஸ்ஸில்தான் போனோம், கார் அனுப்புகிறோம் என்றவர்களிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பாதிச் சாப்பாட்டில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன், பெரியவ ஃபிளைட்ல வரல, ரயில்லதான் வந்தா, நான்தான் வெட்கப்பட்டுப் பொய் சொல்லி அவளை ஏர்போர்ட்டுக்கு அனுப்பினேன் என்று. கையிலிருந்த தட்டை மேஜையில் வைத்தேன். சம்பந்தி வீட்டம்மா, அடப்பாவமே, மூணு நாளா, இடுப்பு என்னத்துக்கு ஆகும், எனக்கெல்லாம் அரை நாள் தாங்காது என்று சொல்லிவிட்டு எனக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டார்கள். அவ்வளவுதான் அவர்களுக்கு அது. அன்று உன்னைக் காரில் அழைத்துவந்த மாப்பிள்ளையின் தம்பி மட்டும், அதான் அக்கா பையில விமான டேக் எதுவும் இல்லையேன்னு பாத்தேன் என்று சிரித்தான். யார் என்ன நினைப்பார்களோ என்று நான் செத்துச் செத்துப் பிழைத்தேனே, அவர்கள் யாரும் எதுவும் நினைக்கவே இல்லை. நினைத்தது எல்லாம் நான்தான்.

ஆனால் சின்னவள் பாதியில் எழுந்து உள்ளே போய்விட்டாள். பின்னாலேயே போனேன். சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுதுகொண்டிருந்தாள். பொய் சொன்னதற்காக அழுகிறாள் என்று நினைத்து, மன்னிச்சுக்கோடி, உன் புகுந்த வீட்டில் உன்னைத் தலைகுனிய வெச்சுட்டேன் என்றேன். அதுக்கில்லம்மா என்றாள். அக்கா ஏழு மணிக்கே வந்துடுவான்னு அஞ்சு மணிக்கே எழுந்து குளிச்சிட்டு உக்காந்திருந்தேன். அந்த வீட்டுல அதுதான் எனக்குக் கடைசி நாள். காலையில எங்க ரெண்டு பேருக்கு மட்டும் கொஞ்ச நேரம் கிடைக்கும், கட்டில்ல படுத்துக்கிட்டுப் பேசிட்டே இருக்கலாம்னு சொல்லி வெச்சிருந்தோம். மூணு மணிக்கு அவ வந்தப்போ வீடு முழுக்க ஆள். ஒரு வார்த்தை பேச முடியல. ஃபிளைட் பன்னண்டரைக்குத்தான்னு அன்னைக்குக் காலையில நீ சொன்னே, அக்கா என்கிட்ட ஏன் ரயில்னு சொன்னான்னு நான் அவ மேல கோவமா இருந்தேன்மா. இந்த அஞ்சு மாசமும் அவகிட்ட சரியா பேசலம்மா என்றாள்.

நீயும் அவளிடம் உண்மையைச் சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று விட்டுவிட்டாய். தங்கை ஏன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று அங்கே உட்கார்ந்து எத்தனை நாள் யோசித்தாயோ. மற்ற எதை வேண்டுமானாலும் திருப்பிக் கொடுத்துவிடலாம் பெரியவளே, உங்கள் இரண்டு பேருக்கும் இருந்த அந்தக் காலை நேரத்தை நான் எங்கே போய்த் தேடிக் கொண்டுவருவேன். என்னை மன்னித்துவிடு என்று எழுதவே கை கூசுகிறது, ஏனென்றால் நீ உடனே, பரவாயில்லம்மா என்று சொல்லிவிடுவாய். அப்படிச் சொல்லாதே. கொஞ்ச நாள் என் மேல் கோபமாகவே இரு, எனக்கு அது வேண்டியிருக்கிறது.

அந்தக் கம்பத்தைப் பற்றி மறுபடி எழுது, முதலிலிருந்து எழுது, இந்தத் தடவை கடைசிப் பக்கம் வரைக்கும் படிப்பேன். பனியில் தனியாகப் போகாதே, யாரையாவது துணைக்குக் கூட்டிக்கொண்டு போ. அப்பாவும் நானும் எங்கே இருந்தாலும் எங்கள் ஆசீர்வாதம் உன் கூடவே இருக்கும், நீ போகிற வழியெல்லாம் நல்ல வழியாக இருக்கட்டும். இந்தக் கடிதம் கிடைத்ததும் எனக்குப் போன் செய்யாதே. சின்னவளுக்குச் செய். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குச் செய், அந்த நேரம் அவள் வீட்டில் வேறு யாரும் எழுந்திருக்க மாட்டார்கள், அவள் எழுந்து உட்கார்ந்திருப்பாள்.

இப்படிக்கு,
உன்னிடம் தலை நிமிர முடியாமல்,
உன் அம்மா