படகில் பிறக்காத பாட்டு

ஜூன் 2, 1984

அன்புள்ள கவிஞருக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். நீங்கள் எப்படி என்று கேட்டால் "ம்" என்பீர்கள்; அதனால் கேட்கவில்லை. தனித்தனியாக வாழத் தொடங்கிய பிறகு உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. பயப்படாதீர்கள், சண்டை போட எழுதவில்லை.

வானொலி நிலையத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். பழைய பாட்டுகள் பிறந்த கதையை ஒலிபரப்பப் போகிறார்களாம். "சொல்ல வேண்டாம் எதுவும், சும்மா கூட இரு" அதில் கட்டாயம் உண்டாம். முப்பது வருஷம் ஆகியும், டீக்கடை ரேடியோவில் அது வந்தால் ஆட்கள் கையில் கிளாஸோடு அப்படியே நின்றுவிடுகிறார்களாம். எழுதியவரும் பாடியவளும் ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டும் என்றாள். பிறகு கேட்டாளே ஒரு கேள்வி: "அந்தப் பாட்டு நிலா வெளிச்சத்துல படகுல போகும்போது தோணிச்சாமே மேடம்? சார் ஏதோ பத்திரிகையில சொல்லியிருக்காரே?" எனக்குக் காபி புரையேறிவிட்டது.

எந்தப் படகு? எந்த நிலா?

மழை பெய்துகொண்டிருந்த மத்தியானம் அது. பல் டாக்டர் என் அம்மாவை உள்ளே கூப்பிட்டிருந்தார். வெளியே எதிர் பெஞ்சில் நீங்கள், ஒரு பக்கக் கன்னம் வீங்கி, வாயில் பஞ்சோடு. டாக்டர் தலையை நீட்டி, "ஊசி போட்ட இடம் நல்லா மரத்துப் போகணும். அதுவரைக்கும் எதுவும் சொல்ல வேண்டாம், சும்மா இருங்க" என்று அதட்டிவிட்டுப் போனார். நீங்கள் சிகரெட் அட்டையைக் கிழித்து, பென்சிலால் எழுதி நீட்டினீர்கள்: "கோரஸில் பாடுகிறவர்தானே நீங்கள்?" அடுத்த துண்டில், மாஸ்டர் கொடுத்த மெட்டுக்கு வரி வராமல் தவிப்பதாக எழுதினீர்கள். மெட்டைப் பாடிக்காட்ட வாய் இல்லை. முழங்காலில் தாளம் தட்டி, விரலை மேலும் கீழும் அசைத்தீர்கள். நான் அதைப் பார்த்து முனகினேன். ஓரிடத்தில் உங்கள் விரல் இறங்கியது, என் குரலோ ஏறிவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். நீங்கள் கண்ணை மூடி, "இன்னொரு தடவை" என்று கையைக் காட்டினீர்கள். மங்கலான ஜன்னல் கண்ணாடியில் மழை வழிய, அறையே தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் இருந்தது. அப்போதுதான் டாக்டர் சொன்னதைக் கொஞ்சம் திருத்தி அட்டையில் எழுதினீர்கள். அதுதான் பல்லவி.

நிலையத்தில் எதைச் சொல்லட்டும்? உங்கள் படகையா, நம் பல் டாக்டரையா?

இப்படிக்கு,
வாயாடி


ஜூன் 10

அன்புள்ள வாயாடிக்கு,

ம். நீ கேட்காத கேள்விக்குப் பதில் அது.

நான் வைத்த அந்தப் பெயரில் நீ இன்னும் கையெழுத்துப் போடுவாய் என்று நினைக்கவில்லை. கடிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டு அறைக்குள் கொஞ்ச நேரம் நடந்தேன்.

அன்று ஊசி போட்ட கன்னம் என்னுடையதாகவே இல்லை. ஏதோ ஒரு மேகம் வந்து முகத்தில் ஒட்டிக்கொண்டது போல இருந்தது. அந்த மேகத்துக்குள் இருந்துகொண்டுதான் உன் குரலைக் கேட்டேன். வீங்கிய கன்னத்தோடு மாஸ்டரிடம் போய், நீ முனகியபடியே மெட்டைச் சொன்னேன். அவர் ஆர்மோனியத்திலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"யோவ், இது நான் போட்டது இல்லையே. எவன் மாத்தினான்?"

"எவனும் இல்ல மாஸ்டர். ஒரு பொண்ணு."

"அப்ப அந்தப் பொண்ணே பாடட்டும். நான் சொல்லிக் குடுத்தா இந்த வளைவு யாருக்கும் வராது."

ஒலிப்பதிவில் சத்தம் கூடாதென்று மின்விசிறியை நிறுத்திவிட்டார்கள். ஒரே மைக். அது எட்டாமல் நீ மரப்பலகையின்மேல் ஏறி நின்றாய். வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்காமல் பாடினாய். வயலின்காரர் வில்லைத் தூக்கியவர், வாசிக்க மறந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரால்தான் இரண்டாவது டேக்.

படகு வந்த கதையைக் கேள். படத்தில் அந்தப் பாட்டுக்கு நாயகனும் நாயகியும் படகில்தானே போகிறார்கள். பத்திரிகைக்காரர், "படகுல போறப்பதான் சார் தோணிச்சா?" என்றார். நான் "ம்" என்றேன். மற்றதெல்லாம் அவர் கைவண்ணம். நிலாவும் அவருடையதே.

ஆனால் மறுக்காமல் விட்டது வேண்டுமென்றேதான். பாட்டை ஊரே எடுத்துக்கொண்டது. சலூனில், பஸ்ஸில், முன்பின் தெரியாதவர்கள் வாயிலெல்லாம் அது இருந்தது. அந்த அறையையும் கொடுத்துவிட்டால் நமக்கென்று என்ன மிஞ்சும்?

அன்புடன்,
உன் கவிஞன்


ஜூன் 18

அன்புள்ள கவிஞருக்கு,

முழுசாக இரண்டு பக்கம்! வாசலிலேயே நின்று படித்தேன். உள்ளே பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது.

சந்தோஷமாக இருந்தது, பிறகு கோபம் வந்தது. இதில் பாதியை நம் வீட்டில் பேசியிருந்தால் நான் பெட்டியைத் தூக்கியிருப்பேனா? அந்தப் பாட்டுக்குப் பிறகு கூடத்தில் எப்போதும் கூட்டம். அவர்களோடு சிரித்துப் பேசுவீர்கள். என் பக்கம் திரும்பும்போது சொல்லெல்லாம் தீர்ந்திருக்கும். மேடையில் "சொல்ல வேண்டாம் எதுவும்" என்று பாடிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு வந்து, வீட்டில் "ஏதாவது சொல்லுங்களேன்" என்று கெஞ்சினேன். மகளுக்குக் கல்யாணமான பிறகு அந்த வீட்டில் கடிகாரம் ஒன்றுதான் என்னோடு பேசியது. நீங்கள் என்னைத் திட்டியதில்லை, அடித்ததில்லை. வெளியே சொல்லி அழக்கூட எனக்கு ஒரு காரணம் இல்லை.

போகட்டும். ஜூலை ஒன்பதாம் தேதி காலையில் பதிவு. வருவீர்களா?

வாயாடி


ஜூன் 25

அன்புள்ள வாயாடிக்கு,

வருகிறேன். எந்தக் கதை என்பதை நீயே முடிவு செய்.

நேற்று மத்தியானம் கண்ணயர்ந்திருந்தேன். பக்கத்து வீட்டு ரேடியோவில் உன் குரல். நீ அடுத்த அறையில் பாடிப் பழகுகிறாய் என்று பாதித் தூக்கத்தில் நினைத்து, "இன்னொரு தரம் பாடு" என்று வாய்விட்டுச் சொன்னேன். ரேடியோ அடுத்த பாட்டுக்குப் போய்விட்டது.

உன் கவிஞன்


ஜூலை 11

அன்புள்ள கவிஞருக்கு,

நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன்.

அந்தப் பெண் மைக்கை என் பக்கம் திருப்பி, "பாட்டு எங்க பிறந்துச்சு?" என்று கேட்டபோது, பல் டாக்டர் என்றுதான் வாயெடுத்தேன். உங்களைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்துப் பையன்போலக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். என்ன தோன்றியதோ, "படகுலதான்" என்றேன். சொன்னதும் நிறுத்த முடியவில்லை. ஏரி, நிலா, துடுப்புச் சத்தம், தண்ணீரில் துள்ளிய மீன்! நீங்கள் அடக்க முடியாமல் சிரித்தீர்கள்; அந்தச் சிரிப்பால் பதிவையே நிறுத்தினார்கள். உங்களுக்கு அவ்வளவு பெரிய சிரிப்பு இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

ஆனால் வெளியே வந்ததும்? பஸ் நிறுத்தத்தில் என் பக்கத்தில் நின்றீர்கள். வெயிலைப் பார்த்தீர்கள், செருப்பைப் பார்த்தீர்கள். நான் மகளைப் பற்றிச் சொன்னேன். "ம்." பேரன் பேசத் தொடங்கியதைச் சொன்னேன். "ம்." பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன், ஏதோ சொல்ல வாயைத் திறந்தீர்கள். அதற்குள் பஸ் திரும்பிவிட்டது.

உங்கள்மேல் எனக்கு வெறுப்பு இல்லை. ஆனால் ஒரே வீட்டில் இருந்துகொண்டு மறுபடியும் அந்த "ம்"மைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை. இப்படியே இருந்துவிடலாம்.

வாயாடி


ஜூலை 17

அன்புள்ள வாயாடிக்கு,

"நீ சொன்ன படகில் நானும் இருந்தேனா?" என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன்.

உன் பஸ் போனதும் அடுத்ததில் ஏறினேன். உன் வீட்டு எதிர்ப்புறம் வரை வந்தேன். உன் வாசல் கொடியில் நீலப் புடவை காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே நீ யாரோடோ சிரித்துப் பேசுவது கேட்டது. கூப்பிட நாக்கு எழவில்லை. மற்றவர்களிடம் பேசியதெல்லாம் வெறும் பேச்சு. அது எப்படியும் வரும். உன்னிடம் எதைச் சொன்னாலும் சரியாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்து நினைத்தே விட்டுவிடுவேன். எழுதினால் மட்டும் வந்துவிடுகிறது. இந்த வயதில்தான் எனக்கே இது தெரிகிறது.

ஒரே வீடு வேண்டாம்; நீ சொல்வது சரி. உன் தெருவின் கடைசி வீட்டில் மாடி அறை வாடகைக்கு என்று பலகை தொங்குகிறது. அங்கே வந்து இருக்கட்டுமா? கடிதம் மட்டும் எழுதுகிறேன். நீ கூப்பிடாமல் உன் வாசல் ஏற மாட்டேன். வேண்டாம் என்றால் எழுதிவிடு, இங்கேயே இருந்துகொள்கிறேன்.

உன் கவிஞன்


ஜூலை 23

அன்புள்ள கவிஞருக்கு,

மாடி அறை வேண்டாம். நிலையத்துப் படிகளில் நீங்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியதை நான் பார்க்கவில்லை என்றா நினைத்தீர்கள்? அதே வீட்டில் கீழேயும் ஓர் அறை காலியாக இருக்கிறது. கிழக்கே ஜன்னல், எழுதுவதற்கு நல்ல வெளிச்சம். நேற்று நானே போய்ப் பேசிவிட்டேன்.

"ரூம் யாருக்கும்மா?" என்றார் சொந்தக்காரர்.

"என் வீட்டுக்காரருக்கு."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "வீட்டுக்காரருக்கா? அப்ப நீங்க இருக்கிற வீடு?"

"அது என் வீடு."

மனிதர் என்னையும் தெருவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சாவியை எடுத்துக் கொடுத்தார்.

சாவி என்னிடம்தான் இருக்கிறது. வந்ததும் என் வாசலுக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

வாயாடி