நலங்குக்கு ஒரு லென்ஸ்

புக்கிட் மேரா
சிங்கப்பூர்
4 ஆகஸ்ட் 2025

உங்களுக்கு,

கூட வாழ்ந்த காலத்தில் ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போது கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் தாள் தாளாகக் கிழித்துப் போட்டேன். உடம்பு சௌக்கியமாக இருக்கும் என்று நம்புகிறேன். போனில் பேசினால் இரண்டாவது வார்த்தையிலேயே நமக்குள் வாக்குவாதம் வந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கே எனக்கென்று ஒரு வேலை கிடைத்திருக்கிறது. சிராங்கூனில் ஒரு வீட்டில் கல்யாணப் பெண்ணுக்கு நலங்கு. படம் எடுப்பது நான். இத்தனை வருஷம் உங்களுக்கு லைட் பிடித்தவள் கேமரா பிடிக்கப் போகிறாள். சிரிக்காதீர்கள்.

பிரியும்போது என் பங்குக்கு வந்தது பழைய கேமராவும் அதோடு வந்த லென்ஸும்தான். வீட்டு வெளிச்சத்தில் அது எடுக்கிற முகமெல்லாம் கலங்கிப் போகிறது. கடையில் போய்க் கல்யாணங்களுக்கு எடுக்கிற பெரிய ஜூம் லென்ஸ் விலையைக் கேட்டேன். மூவாயிரத்துச் சொச்சம் வெள்ளி என்றார்கள். தூக்கிவாரிப் போட்டது. கையில் வைத்திருந்ததைப் பச்சைக் குழந்தை மாதிரி இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். என்னால் முடிந்தது நானூறு. அதற்குள் பழையதாக ஒரு முப்பத்தைந்து எம்.எம். லென்ஸ் கிடைக்கிறது, ஓர் எண்பத்தைந்தும் கிடைக்கிறது. எண்பத்தைந்தில் முகம் அவ்வளவு அழகாக வருகிறது. எதை வாங்கட்டும்? உங்களை விட்டால் எனக்குக் கேட்க ஆளில்லை.

குமாரி


பூன் லே
7 ஆகஸ்ட்

அன்புள்ள குமாரி,

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் பகீரென்றது. யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துதான் பிரித்தேன். லென்ஸ் சமாச்சாரம் என்றதும் மூச்சு வந்தது. நீ படம் எடுக்கிறாய் என்பதை இன்னும் நம்ப முடியவில்லை.

எண்பத்தைந்து வேண்டாம். அது தள்ளி நின்று எடுக்கிறவர்களுக்கு. அடுக்குமாடி வீட்டு ஹாலில் சோபாவை நகர்த்தினாலும் எவ்வளவு இடம் இருக்கும்? அந்த லென்ஸோடு பின்னால் போகப் போக, கடைசியில் அடுப்படிக்குள் நின்றுதான் எடுப்பாய். முப்பத்தைந்து வாங்கு. பெண்ணுக்குப் பக்கத்தில் போய் நில். தட்டு, கை, முகம் எல்லாம் சேர்ந்து வரும். கூச்சம் போகும்வரை பேச்சுக் கொடு. அதை உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, வாய் மட்டும் இல்லையென்றால் உன்னை நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும்.

வாங்குமுன் கைபேசி விளக்கை உள்ளே அடித்துப் பார். நூல் நூலாக வெள்ளை தெரிந்தால் பூஞ்சை, தொடாதே.

நான் நலம். வேலை அதிகம். வேறு விசேஷம் ஒன்றுமில்லை.

ரத்னவேல்


புக்கிட் மேரா
24 ஆகஸ்ட்

உங்களுக்கு,

முப்பத்தைந்து வாங்கியாயிற்று. விற்றவர் பேர் அப்துல் முத்தலிப். தேக்கா சந்தை வாசலுக்கே கொண்டுவந்து கொடுத்தார். நான் விளக்கு அடித்து உள்ளே பார்ப்பதைக் கண்டு, அக்கா கண் டாக்டரா என்று கேட்டார். அங்கேயே பூக்கட்டுகிறவர்களை எடுத்துப் பார்த்தேன். இருட்டு மூலையிலும் முகம் துல்லியமாக வருகிறது.

பெண் வீட்டு ஹாலையும் போய்ப் பார்த்துவிட்டேன். பெண் பேர் திவ்யதர்ஷினி, பாலர் பள்ளி ஆசிரியை. அவள் அம்மா கமலா அக்கா தங்கமானவர். ஆனால் மாப்பிள்ளை பேச்சு வந்தால் மட்டும் குரல் இறங்கிவிடுகிறது. அவருக்கு இது இரண்டாவது கல்யாணமாம், படத்தை பேஸ்புக்கில் போட்டுவிடாதீர்கள் என்றார். பேரைக்கூடச் சொல்லவில்லை. எனக்கென்ன, பெண் வீட்டு நலங்கில் மாப்பிள்ளைக்கு வேலையே இல்லை.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வருகிற ஞாயிறு எனக்கு லைட் பிடிக்க வருவீர்களா? லென்ஸ் வெறும் சாக்கு. விவாகரத்துக்குக் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து அவசரப்பட்டுவிட்டோமோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. மறுபடி சேர்ந்து வேலை செய்து பார்ப்போமே.

குமாரி


பூன் லே
27 ஆகஸ்ட்

குமாரி,

உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த மாப்பிள்ளை நான்தான்.

முன்பே சொல்லியிருக்க வேண்டும், வாய் வரவில்லை. பெண் வீட்டார் படக்காரரை அவர்களே பார்த்துக்கொள்வது வழக்கம்தானே, யாரென்று நானும் கேட்கவில்லை. சிராங்கூன் என்று நீ எழுதியபோதும் எனக்கு உறைக்கவில்லை. அங்கே எத்தனையோ வீடு.

அவர்களுக்கு உன் முகம் தெரியாது. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடு. நம்மோடு வேலை பார்த்த மாணிக்கத்தை அனுப்பி வைக்கிறேன். தயவுசெய்து அங்கே போகாதே. உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

ரத்னவேல்


புக்கிட் மேரா
1 செப்டம்பர்

ரத்னவேல் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. தபால் பெட்டி பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். தலையில் இடி விழுந்தது என்பார்களே, அதை வெறும் பேச்சு என்று நினைத்திருந்தேன். மேல்வீட்டு மலாய்க்கார அம்மாதான் தண்ணீர் கொடுத்து என்னை வீட்டில் கொண்டுபோய் விட்டார்.

ஆனாலும் நேற்றுப் போனேன். அது என் முதல் வேலை, விட மனமில்லை. நீங்கள் சொன்னபடியே பக்கத்தில் போய் நின்றேன். அவள் இமை முடிகூடத் தெரிந்தது. எண்பத்தைந்தையே வாங்கியிருக்கலாம் என்று படத்துக்குப் படம் நினைத்தேன்.

நலங்கு வைக்கிற பெண்கள் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். ஒருத்தி வரவில்லை. கமலா அக்கா தட்டை என் பக்கம் நீட்டி, "நீங்களும் கல்யாணமானவங்கதானே, ஒரு கை வைங்க" என்றார். நான் விவாகரத்தானவள் என்றேன். நீட்டிய தட்டு அப்படியே பின்னால் போயிற்று. அப்போது அந்தப் பெண் உட்கார்ந்தபடியே என் கையைப் பிடித்து இழுத்து, மஞ்சளில் தோய்த்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"எங்க அவரும் டிவோர்ஸ் ஆனவர்தானேம்மா, அதுல என்ன லா? நான் அவரைப் பார்க்கிறதுக்கு முன்னாடியே எல்லாம் முடிஞ்சுபோச்சு. நாங்க பழக ஆரம்பிச்சு மூணு வருஷம் ஆகுது."

மூன்று வருஷத்துக்கு முன்னால் நாம் ஒரே வீட்டில் இருந்தோம். ஒரே பொட்டலத்து நாசி லெமாக்கைப் பங்கு போட்டுத் தின்றுவிட்டுக் கல்யாணம் கல்யாணமாக ஓடினோம். கையெழுத்துப் போட்டதே போன வருஷம். மனசு ஒட்டவில்லை என்று நீங்கள் சொன்னதை நம்பி, குறை என்னிடம்தான் என்று அழுதுகொண்டிருந்தேன். அப்போதே அவளிடம் எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறீர்கள்.

என் கை அவள் கன்னத்தில் இருந்தது. உண்மை நாக்கு நுனிவரைக்கும் வந்தது. அத்தனை பேர் முன்னால் அவளை அவமானப்படுத்த மனம் வரவில்லை. நல்லா இரும்மா என்று மட்டும் சொன்னேன். உங்கள் மேல் மிச்சமிருந்த ஆசை அந்த ஹாலிலேயே விட்டுப்போயிற்று. இப்போது அருவருப்புத்தான் இருக்கிறது. அவளை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. யாரை நம்பிக் கழுத்தை நீட்டுகிறாள் என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

பதில் எழுத வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கல்யாண வரவேற்பில் திரையில் ஓட்ட நலங்குப் படங்கள் வேண்டுமாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளிடமே நேரில் கொடுக்கப் போகிறேன். அதற்குள் நீங்களே அவளிடம் உண்மையைச் சொல்லியிருந்தால், நான் படங்களை மட்டும் கொடுத்துவிட்டு வருவேன்.

வசந்தகுமாரி