டீச்சர் மேசை மணி இப்போது நம் கடையில்

அன்புள்ள பெரியவனுக்கு, அம்மா எழுதுவது.

போன சனிக்கிழமை உன் தங்கையின் ஆங்கில வகுப்பில் பாதியில் எழுந்து சத்தம் போட்டுவிட்டு, டீச்சர் மேசையில் இருந்த மணியையும் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். மற்றபடி இங்கே எல்லோரும் சுகம், அப்பாவுக்கு முட்டிவலி தேவலை, கடையில் பைப்பு, வால்வு எல்லாம் பரவாயில்லாமல் போகிறது. நீயும் மருமகளும் நன்றாக இருக்கிறீர்கள் என்றே நினைத்து எழுதுகிறேன். உங்கம்மாவுக்கு என்னப்பா ஆச்சு என்று யாராவது உனக்குப் போன் போடுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

அந்த வகுப்பு நீ தேடிப் பிடித்துச் சேர்த்துவிட்டது, ஞாபகம் இருக்கட்டும். நர்ஸ் வேலைக்கு வெளிநாட்டுக்காரர்கள் போன தடவை இன்டர்வியூ வைத்தபோது, நோயாளி மாத்திரை வேண்டாம் என்று முகத்தைத் திருப்பினால் என்ன சொல்வாய் என்று கேட்டதற்கு நம் லவுட்ஸ்பீக்கர் வாயடைத்து உட்கார்ந்திருந்தாளே, அதற்காகத்தானே சேர்த்தோம். வீட்டில் வாய் மூடாதவள் என்று அப்பா வைத்த பேர்! அடுத்த மாதம் மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். இதிலும் கோட்டை விட்டால் அந்த ஆஸ்பத்திரிக் கதவு சாத்தியாச்சு.

சனிக்கிழமை பெற்றோரை எல்லாம் வகுப்பு நடக்கிற ஜெராக்ஸ் கடை மாடிக்கு வரச்சொல்லி, பிள்ளைகள் எந்தத் தயாரிப்பும் இல்லாமல் பேசப்போகிறார்கள், பாருங்கள் என்றார்கள். தலைப்பு எழுதிய சீட்டுகள் ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில். பழைய வால்வுக்குப் பெயின்ட் அடித்துப் புதுசு என்று தள்ளப் பார்க்கிறவனைத் தினம் பார்க்கிறவள் நான், என்னிடமா? மூலை மடித்த சீட்டை ஒருத்தன், சிவப்பு மை தெரிகிற சீட்டை ஒருத்தி, அவரவர் சீட்டைக் கிளறித் தேடி எடுக்கிறார்கள். ஒருத்தன் நெற்றியைத் தடவி, கொஞ்சம் யோசித்துக்கொள்கிறேன் என்று இங்கிலீஷில் சொன்னான், பரவாயில்லையே என்று நினைத்தேன், அடுத்தவளும் அதே மாதிரி நெற்றியைத் தடவி அதையே சொன்னாள். யோசிப்பதைக்கூட மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறார்கள்! அதைவிடக் கேவலம் அந்த மணி. ஹோட்டல் கவுன்டரில் இருக்குமே, தட்டினால் டிங் என்று, அது. ஒரு வார்த்தை தப்பினால் டீச்சர் ஒரு தட்டு, பிள்ளை கப்சிப், மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். என் பக்கத்தில் இருந்த தகப்பனார், என்னா கண்டிப்பு பாத்தீங்களா என்று பூரித்துப்போனார். சீ என்று ஆகிவிட்டது எனக்கு.

நம்மவள் எழுந்து, நம் வீட்டில் இல்லவே இல்லாத தோட்டத்தைப் பற்றி அளந்தாள். பொறுக்கவில்லை. எழுந்து எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், கடைக்கு வால்வு வாங்க வருகிற கப்பல்காரர்களிடம் பேரம் பேசுகிற அதே இங்கிலீஷில்தான், தோட்டம் கிடக்கட்டும், குழாய் உடைந்து வீடெல்லாம் தண்ணீர், என்ன பண்ணுவே சொல்லு என்றேன். பைப்புக் கடைக்காரி பெற்ற பெண்ணுக்கு இது ஒரு கேள்வியா? அவள் என் முகத்தைப் பார்க்கவில்லையடா. மணியைப் பார்த்தாள். அப்போதுதான் அதை எடுத்துப் பையில் போட்டேன்.

திங்கட்கிழமை டீச்சர் மணியைக் கேட்டுக் கடைக்கே வந்துவிட்டாள். தப்பை அப்பப்ப திருத்தலேன்னா அப்படியே ஒட்டிக்கும்மா என்றாள். பொய் சொல்லவில்லை அவள், நம்பித்தான் செய்கிறாள். பேசினால்தானே தப்பு வரும், உங்க கடையில சரக்கே வெளிய வரலையே தாயி என்றேன். கடையில் இருந்த உன் தங்கையை நடுவில் நிற்கவைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் மாற்றி மாற்றிக் கத்த, திடீரென்று இவள் இங்கிலீஷில் வெடித்தாள். ரெண்டு பேரும் நிறுத்துங்க, இது என் வாய், என் இன்டர்வியூ, அம்மா நீ இந்த மணியைவிட மோசம், நான் பேச ஆரம்பிச்சா நீயே முடிச்சு வெச்சிடறே என்று. நடுவில் எத்தனையோ தப்பு இருந்திருக்கும், எனக்கு ஒன்றும் விடாமல் புரிந்தது. பழக்கதோஷத்தில் டீச்சரின் கை கவுன்டரைத் தட்டியது, அங்கே மணிக்குப் பதில் கிடந்தது ஒரு பித்தளை எல்போ, குழாயை வளைத்துச் சேர்க்கிற துண்டு. அவளே சிரித்துவிட்டாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை, சுருக்கென்று இருந்தது.

நேரத்துக்குச் சாப்பிடு, மருமகளிடம் வம்பு வளர்க்காதே, இருவரும் குறைவில்லாமல் இருங்கள். ஞாயிறுதோறும் தங்கைக்குப் போன் போட்டு, முன்கூட்டிச் சொல்லாமல் வாயில் வந்ததை இங்கிலீஷில் கேள், அவள் தடுமாறினால் காத்திரு, எடுத்துக்கொடுக்காதே.

கடைசியில் பேசி முடித்தது இதுதான். வகுப்பில் இனிமேல் கிண்ணமும் சீட்டும் கிடையாது, யார் வேண்டுமானாலும் எழுந்து எதையும் கேட்கலாம். பேசி முடித்த பிறகுதான் திருத்தம், அதுவும் ஒரே ஒரு தப்பு. மணி இன்டர்வியூ முடியும்வரை என் கவுன்டரில்தான். இவையெல்லாம் நான் போட்ட கண்டிஷன். உன் தங்கை போட்டது ஒன்றே ஒன்று, அவள் இங்கிலீஷ் பேசும்போது நான் குறுக்கே வாயைத் திறந்தால் அந்த மணியை அவள் அடிப்பாள். ஒத்துக்கொண்டேன்.

இப்படிக்கு,
அம்மா